இரண்டாம் கூண்டு மருந்து

என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “எலிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவருக்கே இப்பிடி ஆயிப்போச்சுங்களா?” பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி யாராவது கேட்டால் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எலிக்கு வைத்தியம் பார்ப்பவன் இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள ஒரு கல்லூரியில், ஆய்வுக்காக எலி வளர்க்கும் கூடத்தில் எனக்கு வேலை. பதினோரு வருடமாகக் கூண்டு கழுவுகிறேன், உமி மாற்றுகிறேன், எடை பார்க்கிறேன், கொடுக்கச் சொன்ன மருந்தை எலியின் வாய்க்குள் வளைந்த ஊசிக்குழாய் வழியாக விடுகிறேன். உண்மையைச் சொன்னால், நல்லா இருக்கிற எலிக்கு நோயை உண்டாக்குவதுதான் என் வேலையில் பாதி.

கொடுக்கச் சொல்கிறவர் ஸ்டெல்லா மேடம். உயிர்வேதியியல் பேராசிரியர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கடல் மட்டியின் சதையில் இருக்கும் புரதத்தைப் பற்றித்தான் அவருடைய ஆய்வு. தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் மட்டி வரும். ஓட்டை உடைத்து, சதையை அரைத்து, புரதத்தைப் பிரித்து, உறையவைத்து உலர்த்தினால் கடைசியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சூண்டு பொடி கிடைக்கும். சில மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இந்தப் பொடியைக் கொடுத்தால் அந்தக் கெடுதலைத் தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

அதற்கு மூன்று கூண்டுகள். முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாம் கூண்டுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. மூன்றாம் கூண்டுக்கு ஒரு வாரம் மட்டிப் பொடி, அதன் பிறகு அதே மருந்து. பாட்டிலில் பெயர் எழுத மாட்டார்கள், ஒரு எழுத்துதான் இருக்கும். எது என்னவென்று தெரிந்தால் கொடுக்கிறவன் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். வேலை முடிந்த பிறகு எந்தக் கூண்டு எது என்று மேடம் சொல்வார். மருந்தின் பெயரை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டாம் கூண்டு எலிகள் நாலைந்து நாளில் முடி சிலிர்த்து மூலையில் சுருண்டுகொள்ளும். மூன்றாம் கூண்டு எலிகள் கையைக் கடிக்க வரும். கடிக்கிற எலியைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குந்தி உட்கார்ந்து கூண்டு கழுவிக் கழுவி எனக்கு மூட்டு போய்விட்டது. எங்கள் பக்கம் மேல் வலி, கை கால் குடைச்சல் என்றால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மருந்துக்கடையில் போய் “ஒரு செட்டு குடுங்க” என்றால் போதும். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, ரோஸ் கலரில் சின்னதாக ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு வெள்ளைக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். அந்தக் கவர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். காலையில் ஒரு செட்டு, வேலை அதிகமான நாளில் சாயங்காலமும் ஒரு செட்டு. மூன்று வருடமாக இப்படித்தான். எலிக்குக் கொடுத்த ஒவ்வொரு சொட்டையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நான் விழுங்கியதற்குக் கணக்கே கிடையாது.

எங்கள் ஊர் காரமடையில் தேர்த் திருவிழா முடிந்த கையோடு எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு நாள் விடாமல் போனது. உடம்பு முறித்துப்போட்ட மாதிரி வலி, அதனால் செட்டை நிறுத்தவில்லை, இன்னும் ஒன்று கூடத்தான் போட்டேன். மூன்றாம் நாள் முகம் வீங்கியது. நாலாம் நாள் ஒன்றுக்கு வரவில்லை. என் மனைவி சரஸ்வதி என்னை வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் வந்துவிட்டாள்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பெரிய மருத்துவமனை. அங்கே காத்திருக்கும் அறையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும், பெயரைக் கூப்பிட்டால் காதில் விழாது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று இருக்கிறது. தசைகள் உழைப்பதால் மிஞ்சும் கழிவு அது, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. சிறுநீரக டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நானும் இரண்டாம் கூண்டை அப்படித்தான் பார்ப்பேன்.

கழுத்து நரம்பில் குழாய் சொருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவது. நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். வலிகூடப் பெரிதில்லை. மூக்கு அரிக்கும்போது சொறிய யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது பாருங்கள், அந்த எரிச்சலை என்னால் தாங்க முடியவில்லை.

காரணம் என்ன என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாலு டாக்டர்கள் நாலு தடவை கேட்டார்கள், “ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?” நாலு தடவையும் நான் சொன்னது ஒரே பதில்தான். “சுகரு, பிரஷரு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். ஒரு மாத்திரையும் இல்லீங்க.” பொய் சொல்லவில்லை. எனக்கு மாத்திரை என்றால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாகும்வரை போடுவதுதான். செட்டு என்பது டீ மாதிரி. டீ குடிக்கிறதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. சிறுநீரகத்தில் ஊசியை விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் மதியம் ஸ்டெல்லா மேடம் பார்க்க வந்தார். சரஸ்வதி அப்போதுதான் வீட்டிலிருந்து சலவைச் சட்டை கொண்டுவந்திருந்தாள். நான் வந்த அன்று போட்டிருந்த அழுக்குச் சட்டை கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பையில் கிடந்தது. பேசிக்கொண்டே அவள் அதை எடுத்தாள், அந்தச் சட்டைப் பையிலிருந்து மாத்திரைக் கவரை உருவினாள், சலவைச் சட்டைப் பையில் வைத்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் பேனா, பஸ் டிக்கெட், சில்லறை என்று அப்படித்தான் மாற்றி வைப்பாள். எதுவும் தொலைந்ததில்லை.

“அது என்னங்க அக்கா?” என்று மேடம் கேட்டார்.

“மூட்டு வலிக்குங்க மேடம். எப்பவும் அவரு பையிலதான் இருக்கும். இது இல்லாட்டி அவருக்கு ஒரு நாள் ஓடாது.”

மேடம் கவரை வாங்கி அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கத்தரித்ததில் பெயர் பாதிதான் இருந்தது, ஆனால் அவருக்குப் பாதி போதும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பழனிசாமிண்ணா, போன வருசம் ரெண்டாம் கூண்டுக்கு என்ன குடுத்தோம் தெரியுமா?”

“பி பாட்டிலுங்க மேடம்.”

“பி பாட்டில்ல இருந்தது இதுதாண்ணா. டைக்ளோஃபெனாக். வலி மாத்திரை. இதே மருந்து.”

மேடம் கவரை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார். பதினோரு வருடம் எலியைப் பிடித்த கை, அந்தக் கையாலேயே அதே மருந்தை என் வாயில் போட்டிருக்கிறேன். கோபம் யார் மேல் வருவது என்று தெரியாமல் எல்லார் மேலும் வந்தது. பெயரைச் சொல்லாத மேடம் மேல், கேட்காமல் கத்தரித்துக் கொடுத்த கடைக்காரர் மேல், தலையணையைச் சரிசெய்ய வந்த நர்ஸ் மேல்கூட.

சிறுநீரக டாக்டர் வந்து கத்திவிட்டுப் போனார். “இத மொதல்ல சொல்லியிருந்தா இத்தன டெஸ்ட் எதுக்குங்க?” துணுக்கு எடுக்கும் ஊசி ரத்தானது. அவர் சொன்னது எளிமையாக இதுதான்: வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வயிற்றுப்போக்கில் உடம்பில் தண்ணீரும் வற்றிப்போனதால் அடி பலமாக விழுந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, இனி காத்திருக்க வேண்டும். சில வாரத்தில் சிறுநீரகம் விழித்துக்கொள்ளலாம். விழிக்காவிட்டால் ஆயுசுக்கும் வாரம் மூன்று நாள் இந்த இயந்திரம்தான்.

விழிக்காவிட்டால் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். காரமடையிலிருந்து வாரம் மூன்று நாள் வந்து போவதென்றால் வேலை போச்சு, வீட்டில் மிச்சம் இருப்பதும் போச்சு.

அடுத்த தடவை மேடம் வந்ததும் நேராகக் கேட்டேன். “அந்தப் பொடி ஃபிரீசர்ல இருக்குதுங்களே மேடம். எனக்குக் கொஞ்சம் குடுங்க.”

“அண்ணா, அது எலிக்கு மட்டும் செஞ்சு பாத்தது. மனுசனுக்குக் குடுத்ததே இல்ல. அது இல்லாம...”

“தெரியுமுங்க. கெடறதுக்கு முன்னாடி குடுக்கணும்.”

“தெரிஞ்சே கேக்கறீங்களே.”

“கேக்காம என்னங்க பண்றது? என்ற கையாலதான குடுத்தேன்? மூணாம் கூண்டு எலி பொழச்சு என்னைக் கடிச்சுதுங்களே!”

சரஸ்வதியும் சேர்ந்துகொண்டாள். “எலிக்கே குடுக்கறீங்க, இவருக்குக் குடுக்கப்படாதுங்களா அம்மணி?” மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் போன பிறகு நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வேலைக்கு வேண்டும் என்றால் அண்ணா, உயிருக்கு வேண்டும் என்றால் விதிமுறை என்று புலம்பினேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான் இவ்வளவு ஆத்திரம்.

என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவன் என் மச்சினன் முருகேசன். வெள்ளகோவிலில் லோடு வண்டி ஓட்டுகிறான், தூத்துக்குடிக்குப் போய் வருவான். அதற்கு நாலாம் நாள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவன் அக்காவிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். “மாமா, பொடி குடுக்காட்டி போறாங்க. பொடி எதுல இருந்து வருது? இதுல இருந்துதானுங்களே?” பொட்டலத்தில் உலர்த்திய மட்டிச் சதை.

எங்கள் வீட்டில் கோழி எடுப்போம், ஆட்டுக்கறி எடுப்போம். கடலில் நத்தை மாதிரி இருப்பதைச் சரஸ்வதி கையால் தொட்டதுகூட இல்லை. அதை அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அலசி, தக்காளி போட்டு, மிளகு தட்டிப் போட்டு சூப்பு வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் டம்ளர் கணக்குச் சொல்லியிருந்தார். அதனால் தண்ணீர் ஊற்றவில்லை. இரண்டு இளநீரை வெட்டி ஊற்றிக் கொதிக்க வைத்தாள். “இளநீ தண்ணியில்லீங்களே, மேலுக்குக் குளிர்ச்சிதானுங்க” என்றாள்.

மறுநாள் மதியம் தூக்குப்போசியில் கொண்டுவந்தாள். நர்ஸ் பார்க்காதபடி முருகேசன் திரைக்கு முன்னால் நின்றுகொண்டான். நான் குடித்தேன். முன்னால் கொடுத்தால்தான் வேலை செய்யும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது, அது உண்மை.

சாயங்காலத்துக்குள் கை கால் மரத்துப்போனது. நெஞ்சு ஒரு துடிப்பு துடித்து ஒரு துடிப்பை விட்டது. பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இளநீரிலும் தக்காளியிலும் அது நிறைய இருக்கிறது. இதையெல்லாம் பிறகு சொன்னார்கள். அப்போது நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் ஊசி மேல் ஊசி போட்டு, கட்டிலோடு தள்ளிக்கொண்டு இயந்திரத்துக்கு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தபோது சரஸ்வதி தூக்குப்போசியைக் கட்டிப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அழக்கூட இல்லை.

பிழைத்தேன். அதற்குப் பிறகு அவள் ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஊட்டிவிடுவாள், கால் பிடித்துவிடுவாள், என்ன கேட்டாலும் “சரிங்க” என்பாள். டாக்டர் திட்டியதும் அவளைத்தான். குடித்தவன் நான் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடம் வந்து விஷயம் தெரிந்ததும் என்னை முறைத்தார், நானும் முறைத்தேன். பிறகு சரஸ்வதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் பிளாஸ்டிக் குவளையில் அரை டம்ளர் சிறுநீர் வந்தது. நர்ஸ் அளந்து எழுதினார். மறுநாள் ஒரு டம்ளர். முருகேசன் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி “மாமாவுக்கு ஒண்ணுக்கு வந்துபோட்டுது!” என்று கத்தினான், பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். கழுத்துக் குழாயை எடுத்தார்கள். சிறுநீரகம் விழித்துக்கொண்டது, ஆனால் பழையபடி ஆகாது, பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: “இவருக்கு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு.” எங்கே போனாலும் கையில் இருக்கட்டும் என்றார். நான் அதை ஃபைலில் சொருகிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் மேடத்திடம் ஒன்று கேட்டேன். “முன்னாடி குடுத்தா காப்பாத்துதுங்க. சரி. ஆனா, மேடம், எனக்குச் சிறுநீரகம் கெடப்போகுதுன்னு யாருங்க ஒரு வாரம் முன்னாடி சொன்னாங்க? எங்கள மாதிரி ஆளுக எல்லாம் கெட்ட பொறவுதானுங்களே வர்றோம். கெட்ட பொறவு குடுத்துப் பாக்கற கூண்டு ஒண்ணு வேணுமுங்க.”

நான் சொன்னதை அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவுக்கு எழுதினார். அவர்கள் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எழுதினார். இந்தக் காகித வேலையில் மட்டும் நாலு மாதம் ஓடியது. கடைசியில் நாலாம் கூண்டுக்கு அனுமதி வந்தது. என்ன மருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டதால் கொடுக்கும் வேலைக்கு வேறு ஆளைப் போட்டார். எனக்கு எடை பார்ப்பதும் கூண்டு கழுவுவதும்தான்.

வீட்டுக்கு வந்ததும் சரஸ்வதி தினமும் கேட்பாள். “அந்த நாலாம் கூண்டு எலிக எப்பிடி இருக்குதுங்க?” சாப்பிட்டதா, கடிக்க வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த எலிகள் பிழைத்தால் அவள் வைத்த சூப்பில் தப்பில்லை, இளநீரில்தான் தப்பு என்று ஆகிவிடும். அவள் அதற்காகச் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

எலிகள் கடிக்க வரவில்லை. மூலையில் சுருண்டுகொண்டன. ரத்தப் பரிசோதனை வந்தபோது மேடம் தாளை என்னிடமே நீட்டினார். இரண்டாம் கூண்டுக்கும் நாலாம் கூண்டுக்கும் வித்தியாசமே இல்லை. கெட்ட பிறகு கொடுத்தால் எதுவும் நடக்கவில்லை. ஃபிரீசருக்குள் பத்திரமாக இருந்த என் நம்பிக்கை அவ்வளவுதான். அளவை மாற்றி இன்னொரு தடவை செய்து பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

அன்று வீட்டில் அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். “பலிக்கலைங்கறாங்க, சரசு.”

அவள் அடுப்பைச் சிறிதாக்கினாள். “அப்ப நான் வெச்சுக் குடுத்தது மொத்தமும் தப்புதானுங்க.”

“தப்பு சூப்புல இல்ல புள்ள. கெட்டது அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு. என்ற சட்டப் பையிலதான் தப்பு இருந்துது.”

அவள் திரும்பவில்லை. “அந்தக் கவரத் தெனமும் அழுக்குச் சட்டையில இருந்து எடுத்து வெளுத்த சட்டையில வெச்சது ஆருங்க? மூணு வருசம். ஒரு நாளாச்சும் இது என்னன்னு கேட்டனுங்களா?”

எவ்வளவோ பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன், இதற்கு யார் மேல் கோபப்படுவது? கிட்டப் போய் நின்றேன். வேண்டாம் என்று கையை விலக்கினாள், பிறகு விலக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பை கொஞ்சம் கனத்தது. எடுத்துப் பார்த்தேன். பீரோவில் வைத்திருந்த டாக்டர் சீட்டு, சிவப்பு எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தது. அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் போட்டேன். அடுத்த நாள் வேறு சட்டை போட்டேன், அதன் பையிலும் அந்தச் சீட்டு இருந்தது.